வேளை தவறாமல்

கட்டிங் மாஸ்டருக்கு வலிப்பு உண்டு என்பது அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு மறந்தே போயிருந்தது. பள்ளிக்கூட வயதில் வந்தது, மாத்திரை ஆரம்பித்ததும் அடங்கிவிட்டது. கல்யாணமாகி, மகள் பிறந்து, அவளும் வேலை கிடைத்து வெளியூர் போகிறவரைக்கும் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. அப்படிப்பட்டது, மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், தையல் கம்பெனியில், அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்தது.

அவர் அப்போது கத்தி ஓட்டிக்கொண்டிருந்தார். நீள மேஜையில் துணியை ஒன்றின்மேல் ஒன்றாக ஒரு சாண் உயரத்துக்கு விரித்து, மேலே சாக்பீஸ் கோடு போட்டு, நிமிர்ந்து நிற்கும் கத்தி மெஷினை அந்தக் கோட்டின்மேல் தள்ளிக்கொண்டு போவதுதான் கட்டிங். வலது கை மெஷினைத் தள்ளும், இடது கை துணியை அமுக்கும். கண் கொஞ்சம் அந்தப் பக்கம் போனால் விரல் இந்தப் பக்கம் போய்விடும். பத்து விரலும் முழுசாக இருக்கிற மாஸ்டரை அந்தத் தொழிலில் பார்ப்பது அபூர்வம். இவருக்கு இருந்தன. கை கால் இழுக்க ஆரம்பித்ததும் எதிரில் துணி விரித்துக்கொண்டிருந்தவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். அவர் புண்ணியத்தில் அன்றைக்கும் பத்தும் மிஞ்சின.

நினைவு திரும்பியபோது வெட்டுத்துணிக் குவியலின்மேல் கிடந்தார். சுற்றிலும் கால்கள். முதலாளி குனிந்து கேட்ட முதல் கேள்வி, "மாஸ்டர், மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"போட்டேன் முதலாளி. வீட்டுல எடுத்துக் கையில குடுத்தா. தண்ணி ஊத்தி முழுங்கினேன்."

"சரி சரி. விடுங்க. ரெஸ்ட் எடுங்க."

அந்த 'சரி சரி' இருக்கிறதே, அதற்கு 'பொய் சொல்லாதே' என்றுதான் அர்த்தம். காய்ச்சல்காரன் தலை வலிக்கிறது என்றால் நம்புவோம். மாத்திரை போட்டேன் என்றால் மட்டும் நம்ப மாட்டோம். என்ன ஜென்மமோ நாமெல்லாம்.

மாஸ்டரின் வீடு சைக்கிள் கடைக்கு மேலே, மாடியில் இரண்டு அறை. முன்னறையில் தையல் மெஷின், இஸ்திரி மேஜை, கம்பெனியிலிருந்து வருகிற சட்டை மூட்டைகள். உள்ளறையில் சமையலும் படுக்கையும். மாஸ்டரின் மனைவியைத் தெருவே காஜாக்கா என்று கூப்பிட்டது. பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுப்பது, பட்டன் தைப்பது, இஸ்திரி போட்டு மடிப்பது எல்லாம் வீட்டிலிருந்தே செய்வாள். மழை நாளில் அந்த முன்னறையில் நின்றால் ஈரத்துணியும் சூடான இரும்பும் சேர்ந்து ஒரு வாசனை வரும். ஜன்னலைத் திறந்தால் சாரல் சட்டைமேல் அடிக்கும், மூடினால் மூச்சு முட்டும்.

அந்த வீட்டில் மாத்திரை இருந்த இடம் பாபின் டப்பா. நூல் சுற்றிய பாபின்களைத் தனித்தனியாக வைப்பதற்கு அறை அறையாகத் தடுத்த பிளாஸ்டிக் டப்பா. வேலை மும்முரத்தில் காலை மாத்திரை போட்டோமா இல்லையா என்று மாஸ்டர் குழம்புவார். அதற்காக காஜாக்கா கண்டுபிடித்த வழி இது. அட்டையிலிருந்து எல்லா மாத்திரையையும் மொத்தமாகப் பிதுக்கி, வேளைக்கு ஓர் அறை என்று போட்டு வைத்துவிடுவாள். அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று. வெற்று அட்டையை அப்போதே கீழே இறங்கித் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வருவாள். அது சோம்பல் இல்லாத பெண்ணின் சுத்தம் மட்டுமல்ல, தொழில் பயம். பளபளக்கும் அந்தத் தகடு ஒரு துணுக்கு சட்டையில் ஒட்டிக்கொண்டு போனாலும் போதும், கம்பெனியில் உலோகம் பார்க்கிற மெஷின் கத்தும், மூட்டை முழுவதும் திரும்பி வரும். அதனால் அவள் வீட்டில் ஊசி முனை உடைந்தால்கூட உடைந்த துண்டு கிடைக்கிறவரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. மாத்திரை அட்டை எல்லாம் வீட்டுக்குள் இருக்கவே முடியாது.

மாத்திரை பெரும்பாலும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கும். அந்த மழைக்காலத்தில் கவுண்டரில் போய் நின்றால் "ஸ்டாக் இல்ல, வெளிய வாங்கிக்குங்க" என்றார்கள். வெளியே என்றால் காஜாக்காவுக்குத் தம்பியின் மருந்துக்கடை. கூடப் பிறந்த தம்பி. அக்கா வளர்த்த பிள்ளை. மார்க்கெட் திருப்பத்தில் ஷட்டர் ஒன்று மட்டும் உள்ள சின்னக் கடை. கல்லாப் பக்கம் அவன் நின்றால் வேறு யாரும் நிற்க இடம் இருக்காது. மாமாவின் மாத்திரையை அவனே சாயங்காலம் கொண்டுவந்து கொடுப்பான், காசு கேட்டதில்லை.

வலிப்பு வந்த அன்று சாயங்காலமும் வந்தான். மாஸ்டர் உள்ளறையில் படுத்திருந்தார். காஜாக்கா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, மாமா விட்டுட்டாரா?"

"தினம் நான்தானடா எடுத்துக் குடுக்கறேன். டப்பாவுல அந்தந்த வேளை அறையும் காலியாத்தான் இருக்கு."

"எடுத்துக் குடுக்கற, சரி. முழுங்குறாரான்னு பாக்கறியா? கடைக்கு வர்றவங்களை நான் தினம் பாக்கறேன்க்கா. உடம்பு நல்லாயிருந்தா மாத்திரை எதுக்குன்னு தோணிடும். நாக்குக்கு அடியில வெச்சுக்கிட்டு அப்புறம் துப்பிடுவாங்க. ஆஸ்பத்திரியில நர்ஸுங்க வாயைத் திறக்கச் சொல்லிப் பாப்பாங்க, தெரியுமா?"

"அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லடா."

"எல்லாரும் அவங்கவங்க வீட்டு ஆளைப் பத்தி அப்படித்தான் சொல்றாங்க."

சொன்னவன் நல்லவன். மாமாமேல் பிரியம் உள்ளவன். கெட்டவன் சொல்லியிருந்தால் அவள் காதில் வாங்கியிருக்க மாட்டாள்.

ஒரு வாரம் போயிருக்கும், மறுபடியும் வந்தது. இந்தத் தடவை வீட்டுப் படிக்கட்டில். சைக்கிள் கடைக்காரர் ஓடிவந்து தலையைப் பிடித்துக்கொண்டார், இல்லையென்றால் மண்டை உடைந்திருக்கும். முதலாளி மறுநாளே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"மாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. கத்தி மெஷின்ல உங்களை நிக்கவெச்சுட்டு எனக்குத் தூக்கம் வராது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா கம்பெனியை இழுத்து மூடிடுவாங்க. நூல் வெட்டுற எடத்துல உக்காருங்க. ஒடம்பு சரியாகட்டும், மேஜை எங்க போகப்போகுது?"

மேஜை எங்கேயும் போகவில்லை. அதன் முன்னால் வேறொருவன் வந்து நின்றான். இவர் பெண்களோடு பெண்களாகத் தரையில் உட்கார்ந்து, காலர் முனையில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். புது ஆள் வெட்டியதில் காலர் ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தது. அதையும் இவர் கையால்தான் சீர்செய்ய வேண்டும். 'மாஸ்டர்' என்று யாராவது கூப்பிட்டால் பழக்கத்தில் திரும்பிப் பார்ப்பார். கூப்பிட்டது அவனையாக இருக்கும்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு காஜாக்கா மாத்திரையையும் தண்ணீரையும் கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"வாயைத் திறங்க."

"எதுக்கு?"

"திறங்கன்னா திறங்க. நாக்கைத் தூக்குங்க."

"ஏன்டி, நான் என்ன பால் குடிக்கிற புள்ளையா?"

"புள்ளையா இருந்தா அடிச்சுக் குடுப்பேன். உங்களை என்ன பண்றது? நான் என்ன வேணும்னா கேக்கறேன்? நாளைக்குப் படியில விழுந்து கெடந்தா நான்தானே தூக்கணும்?"

மாஸ்டர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு திறந்தார். ஊசிக் காதில் நூல் கோக்க வைத்திருந்த சின்ன டார்ச்சை அடித்து அவள் பார்த்தாள். நாக்கின் அடியில், கன்னத்தின் ஓரத்தில். "இந்தப் பக்கம் திரும்புங்க." திரும்பினார். ஒன்றும் இல்லை. அவளுக்கு அப்போதும் திருப்தி வரவில்லை. பின்னால் போய் வாந்தி எடுத்துவிடுவாரோ என்று சந்தேகம். அவர் கழிவறைக்குப் போனால் கதவுக்கு வெளியே நின்று காது கொடுத்தாள். இதையெல்லாம் எழுதவே எனக்குக் கூசுகிறது. அவள் கூசாமல் செய்தாள், ஏனென்றால் பயந்துபோயிருந்தாள்.

வலிப்பு நிற்கவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக்கே அழைத்துப்போனாள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். ரிசல்ட் வந்தபோது மாஸ்டரைப் பார்க்காமல் அவளைப் பார்த்துத்தான் பேசினார்.

"இவரு மாத்திரையே போடலம்மா."

"நான் வாயைத் திறந்து பாக்கறேன் டாக்டர். தினமும்."

"நீங்க எங்க வேணும்னாலும் பாருங்க. ரத்தத்துல மருந்தே இல்ல. ரத்தம் பொய் சொல்லாது." பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பினார். "யாரை ஏமாத்துறீங்க? என்னையா? நீங்க ஏமாத்துறது உங்க உடம்பை."

மாஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அந்த அறையில் அவர் என்ன சொன்னாலும் எடுபடாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, குடைக்குள்ளிருந்து, யாரிடமோ கேட்பதுபோலக் கேட்டார். "நான் நெஜமாவே முழுங்குறேனா?"

"என்ன கேள்விங்க இது?"

"இல்ல, எனக்கே சந்தேகமா இருக்கு. கையில வாங்குறது ஞாபகம் இருக்கு. தண்ணி குடிக்கறது ஞாபகம் இருக்கு. நடுவுல எங்கயாவது போட்டுடறேனோ என்னவோ. மூளைதானே கெட்டுக்கெடக்கு."

அவள் பஸ் வருகிற திசையைப் பார்த்தாள். ஆமாம் என்றுதான் அவளும் நினைத்தாள்.

வந்ததற்கு ஒரு லாபம், அன்று கவுண்டரில் மாத்திரை வந்திருந்தது. கொஞ்சம்தான் கொடுத்தார்கள். வழக்கம்போல எல்லாவற்றையும் பிதுக்கி பாபின் டப்பாவில், தம்பி கொடுத்த மாத்திரைகளின் மேலேயே போட்டாள். அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை. அதிலும் நடுவில் கோடு, இதிலும் நடுவில் கோடு. தனியாக வைக்க என்ன காரணம் இருக்கிறது?

இஸ்திரிப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது கம்பெனி கழித்துக் கட்டிய நீராவிப் பெட்டி. உத்தரத்துக் கொக்கியில் தண்ணீர் பாட்டில் தலைகீழாகத் தொங்கும். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் பெட்டிக்கு வரும். குழாய் பழசு, அடிக்கடி கழன்றுகொள்ளும். மறுநாள் காஜாக்கா கீழே இறங்கி, மூட்டை கொண்டுவந்த வண்டிக்காரனிடம் போன மூட்டையில் பட்டன் குறைந்ததற்குச் சண்டை போட்டுவிட்டு, சைக்கிள் கடைக்காரரிடம் அதையே இன்னொரு தடவை சொல்லிவிட்டு மேலே வந்தபோது, குழாய் கழன்று மேஜைமேல் ஒழுகிக்கொண்டிருந்தது. சட்டைகள் தப்பின. பாபின் டப்பா மூடாமல் இருந்தது. விளிம்புவரை தண்ணீர்.

"ஐயோ" என்று வயிற்றில் அடித்துக்கொண்டாள். தண்ணீரை வடித்துப் பார்த்தால், பாதி மாத்திரைகள் உப்பிக் குழைந்து வெள்ளைக் களியாகி அறைகளின் அடியில் ஒட்டிக்கிடந்தன. மீதிப் பாதி ஒன்றும் ஆகாமல், கோடுகூட அழியாமல் முழுசாக இருந்தன. அவளுக்கு உயிர் வந்தது. நூல் பிடுங்குகிற இடுக்கியால் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வெட்டுத்துணியில் துடைத்து, சூடு இருந்த மேஜை ஓரத்தில் காயவைத்தாள். களியை வழித்து ஜன்னல் வழியாக எறிந்தாள். இதாவது தப்பித்ததே என்று கரையாத மாத்திரைகளைப் பத்திரமாக ஒரு நூல் பைக்குள் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு தம்பி கடைக்குப் போனாள்.

மழை விட்டிருந்தது. கடையில் கூட்டம் இல்லை. தம்பி டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"டேய், மாமா மாத்திரை ஒரு அட்டை குடு. தண்ணி கொட்டி நனைஞ்சுபோச்சு."

"எல்லாம் போச்சா?"

"பாதி போச்சு. களி மாதிரி கரைஞ்சுடுச்சு. மீதி நல்லா இருக்கு. கல்லு மாதிரி அப்படியே இருக்கு, ஒரு சேதாரம் இல்ல. தொடைச்சு எடுத்து வெச்சுட்டேன்."

தம்பி டம்ளரைக் கீழே வைத்தான். "எவ்ளோ நேரம் தண்ணியில கெடந்துச்சு?"

"நான் கீழ பேசிக்கிட்டிருந்தேன். நேரமாயிருக்கும். ஏன்?"

"ஒண்ணா கெடந்துச்சா? ஒரே டப்பாவுலயா?"

"பின்ன வேற எங்க?"

நூல் பையிலிருந்து ஒன்றை வாங்கி விரலால் நசுக்கிப் பார்த்தான். நசுங்கவில்லை. அலமாரியிலிருந்து அதே மாத்திரையில் ஓர் அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி, குடிக்க வைத்திருந்த தண்ணீர் டம்ளரில் போட்டான். டம்ளரைக் கல்லாமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவளும் பார்த்தாள். நடுவில் ஒருவர் வந்து இருமல் மருந்து வாங்கிக்கொண்டு போனார். மாத்திரை அடியில் அப்படியே கிடந்தது. காஜாக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஏன்டா, தண்ணியில கரையாதது வயித்துல மட்டும் கரையுமா?"

அவன் டம்ளரை லேசாக ஆட்டிப் பார்த்தான்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"கரையணும்க்கா. நல்ல மாத்திரைன்னா கரையணும்."

"அப்ப இது என்னடா?"

"தெரியல. சுண்ணாம்போ மாவோ, என்னத்தையாவது அழுத்தி வெச்சிருப்பாங்க."

"எங்க வாங்கின?"

"ஏஜென்சியில இல்லன்னுட்டாங்க. எங்கயும் கெடைக்கல. வேன்ல ஒருத்தர் வருவாரு, அவருகிட்ட இருந்துச்சு. பில்லு வேணாம்னா வெலை கொறைச்சுக் குடுத்தாரு. டப்பா, அட்டை, எழுத்து எல்லாம் அச்சு அசலா இருந்துச்சுக்கா. கண்டுபிடிக்கவே முடியாது."

"உனக்குத் தெரியாதா?"

"சத்தியமா தெரியாது. மாமாவுக்குத் தெரிஞ்சு குடுப்பேனா நானு?"

"தெரியாது, சரி. எங்கயும் இல்லாதது இவன்கிட்ட மட்டும் எப்படி இருக்குதுன்னு சந்தேகம்கூடவா வரல?"

அதற்கு அவன் தலை குனிந்தான். சந்தேகம் வந்திருக்கிறது. வந்ததை ஓரமாகத் தள்ளி வைத்திருக்கிறான், அவ்வளவுதான். நம்மில் எத்தனை பேர் தள்ளி வைக்காதவர்கள்?

காஜாக்காவுக்குக் கோபம் அப்போதுதான் தலைக்கு ஏறியது. "வாயைத் திறந்து பாருன்னு சொன்னியேடா! நாக்குக்கு அடியில வெச்சுப்பாங்கன்னு சொன்னியே! டார்ச் அடிச்சுப் பாத்தேன்டா அந்த மனுஷன் வாயில. மாட்டைச் சந்தையில பல்லைப் புடிச்சுப் பாக்குற மாதிரி பாத்தேன்டா."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் தோன்றாமல், நூல் பையை அவர் முன்னால் வைத்து, "நீங்க ஒழுங்காத்தான் போட்டிருக்கீங்க. இது மாத்திரையே இல்ல" என்று ஆரம்பித்து முழுவதையும் சொல்லி முடித்தாள். மாஸ்டர் அப்போது ரொட்டியைப் பாலில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்த பிறகும் ரொட்டியைச் சாப்பிட்டு முடித்தார்.

"டாக்டர் சொன்னது சரிதான். ரத்தம் பொய் சொல்லல" என்றார்.

"என்னை நாலு வார்த்தை திட்டிடுங்க."

"உன்னைத் திட்டி என்ன ஆகப்போகுது? நானே என்னை நம்பலியே. புத்தி பேதலிச்சுப்போச்சுன்னுதான் நெனச்சேன். மகளுக்குப் போன் பண்ணி, அப்பாவுக்கு ஞாபகம் போயிட்டிருக்கும்மான்னு வேற சொல்லிட்டேன். அது அழுதுச்சு."

அவள் அழுதாள். அவர் தேற்றவில்லை, கையைக் கழுவப் போய்விட்டார். அவர் தேற்றியிருந்தால் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

நல்ல மாத்திரைக்கு ஆஸ்பத்திரியில் போய் நின்று சண்டை போட்டு வாங்கினாள். மாஸ்டர் முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னார். முதலாளி பொறுமையாகக் கேட்டார், 'அடப்பாவிகளா' என்றுகூடச் சொன்னார். பிறகு தாடையைச் சொறிந்தார்.

"நான் நம்பறேன் மாஸ்டர். ஆனா என் பார்ட்னர் நம்பணுமே. டூப்ளிகேட் மாத்திரைதான்னு எங்கயாவது எழுதி வாங்கிட்டு வாங்க. அப்புறம் மேஜையைப் பத்திப் பேசலாம்."

மருந்து சம்பந்தமான புகாருக்கென்று ஓர் ஆபீஸ் இருந்தது. மாஸ்டர் லீவு போட்டுக்கொண்டு போனார். நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, மேஜைக்கு மேஜை அனுப்பப்பட்டு, கடைசியில் ஓர் அதிகாரிமுன் நூல் பையைப் பிரித்தார்.

"என்னங்க இது?"

"என் வலிப்பு மாத்திரை சார். போலி. தண்ணியில போட்டாக் கரையல."

"லூஸா எல்லாம் எடுத்துக்க முடியாதுங்க. எந்தக் கம்பெனி, எந்தத் தேதி, என்ன நம்பர், எதுவும் தெரியாம நான் என்னன்னு எழுதுறது? அட்டை எங்க?"

"அட்டையை வீட்டுல வெச்சுக்க மாட்டோம் சார். தகடு துணியில ஒட்டிக்கும். கம்பெனியில மெஷின் கத்தும்."

"என்ன மெஷின்?"

மாஸ்டர் விளக்க ஆரம்பித்தார். பாதியிலேயே அதிகாரியின் முகத்தில், இந்த ஆளுக்கு வலிப்பு மட்டும்தானா என்கிற சந்தேகம் தெரிந்தது.

"சரி, பில்லாவது இருக்கா?"

"பில்லு போடறதில்ல சார்."

"அப்ப கடை பேரைச் சொல்லுங்க. போய்ப் பாக்கறோம்."

மாஸ்டர் அங்கேதான் நின்றுபோனார். கடையின் பெயர் வாய்வரை வந்தது. அந்தக் கடைக்கு ஷட்டர் மாட்டிய நாளில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று பையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதிகாரி சிரித்தார். அவர் சிரித்ததில் தப்பில்லை, யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள்.

ராத்திரி அதைக் கேட்ட காஜாக்கா, விடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அட்டைதானே வேண்டும், தம்பி அலமாரியில் அடுக்கியிருக்கிறதே. அவன் ஷட்டர் திறந்துகொண்டிருந்தான்.

"அந்த மாத்திரையில ஒரு அட்டை குடுடா. நீ சிக்குற மாதிரி இருந்தா கடை பேரைச் சொல்ல மாட்டோம், கீழ கெடந்துச்சுன்னு சொல்லிக்கறோம்."

"இல்லக்கா."

"என்ன இல்ல?"

"வேன்காரருகிட்டத் திருப்பிக் குடுத்துட்டேன். சண்டை போட்டேன்க்கா. ஒண்ணும் பேசாம வாங்கிக்கிட்டு, பதிலுக்கு வேற மருந்து குடுத்துட்டாரு. அது நல்லது, தண்ணியில போட்டுப் பாத்துட்டேன்."

அவளுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "திருப்பிக் குடுத்தியா? அவன் அதை எங்க கொண்டுபோவான், ஆத்துலயா கொட்டுவான்? அடுத்த தெருவுல இன்னொருத்தன் உன்னை மாதிரியே வாங்கி அடுக்குவான்டா."

"நான் என்னக்கா பண்ணட்டும்? என் கடையில இருந்தா நான்தானே உள்ள போகணும்?"

"சரி, போனது போகட்டும். மாமாவைத் தவிர யார் யாருக்கு வித்த?"

"ரெண்டு மூணு பேரு ரெகுலரா வருவாங்க. முகம் தெரியும். வீடு தெரியாது."

"அவங்க வந்தா சொல்லிடு."

"என்னன்னு? நான் வித்தது சுண்ணாம்புன்னா? சாயங்காலத்துக்குள்ள தெருவே கடையை அடிச்சு நொறுக்கிடும்." பூட்டைக் கல்லாமேல் வைத்தான். "இனிமே நல்லதுதானேக்கா தரப்போறேன். தானா சரியாயிடும். எதுக்குச் சொல்லணும்?"

அது நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் அவளை எரிச்சல்படுத்தியது. எதைப் பிடித்தாலும் கையை விட்டு வழுக்கிக்கொண்டு போகிறது. டாக்டர் தப்பாகச் சொல்லவில்லை, முதலாளி தப்பாகச் சொல்லவில்லை, அதிகாரி தப்பாகச் சொல்லவில்லை, இவனும் தெரிந்து செய்யவில்லை. ஆனால் ஒரு மனுஷன் தரையில் உட்கார்ந்து நூல் கத்தரித்துக்கொண்டிருக்கிறான்.

வீட்டுக்குப் போனாள். பட்டன் தைக்க வேண்டிய சட்டைகளை ஒரு துணியில் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். கடை வாசலில், ஷட்டருக்கு நேராக, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மடியில் சட்டையை விரித்து ஊசியில் நூல் கோத்தாள்.

"என்னக்கா பண்ற?"

"நீ சொல்ல மாட்ட. வர்றவங்ககிட்ட நான் சொல்றேன்."

"அக்கா, வேணாம். கால்ல விழறேன்."

"விழாத. வியாபாரத்தைப் பாரு."

காலை முழுவதும் உட்கார்ந்திருந்தாள். தலைவலி மாத்திரைக்கு வந்தார்கள், பிளாஸ்திரிக்கு வந்தார்கள், குழந்தைக்குப் பால் பவுடர் வாங்க வந்தார்கள். தம்பி ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டு அக்காவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். தூறல் ஆரம்பித்தது. பெரிய வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போகிற பெண் ஒருத்தி, புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்து கடைக்குள் ஏறினாள்.

"தம்பி, அந்த வலிப்பு மாத்திரை ஒரு அட்டை குடுப்பா."

தம்பி புது அட்டையை எடுத்துக் காகித உறையில் போட்டான். காஜாக்கா ஊசியைச் சட்டையில் குத்தி நிறுத்தினாள்.

"யாருக்கும்மா?"

"பொண்ணுக்குங்க. எட்டாவது படிக்குது."

"நின்னிருந்தது இப்பத் திரும்ப வருதா?"

"ஆமாங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்? மழைக்கு முன்னாடிவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. எல்லாம் திமிருங்க. மாத்திரையை முழுங்காம எங்கயோ துப்பிடுது. பள்ளிக்கூடத்துல இனிமே அனுப்பாதீங்கன்னுட்டாங்க." அவள் ஈரமான கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "நேத்து எனக்கு ஆத்திரம் தாங்கல. கை வீங்குற அளவுக்கு அடிச்சுட்டேன். அடி வாங்கிக்கிட்டே போட்டேன்மா போட்டேன்மான்னு கத்துது. அவ்ளோ அழுத்தம்."

உள்ளேயிருந்து தம்பி, "அக்கா" என்றான். கெஞ்சுகிற குரல்.

காஜாக்கா திரும்பிப் பார்க்கவில்லை. மடியிலிருந்த சட்டை கீழே விழ எழுந்து நின்று, அந்தப் பெண்ணின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ போட்டிருக்காம்மா. ஒரு வேளைகூட விடாமப் போட்டிருக்கா."